சொம்பு விழுந்த சத்தம்

சென்னையில், படங்களின் ஒலிகளைக் கலந்து அளவு சரிசெய்யும் ஒரு மிக்ஸிங் அறையில் உதவியாளராக இருந்தபோது செய்த படம் அது. ஒரு காட்சியில் அம்மா, மகனுக்காக இரவில் காத்திருக்கிறார். 40 வினாடிக்குப் பின்னணி இசை கிடையாது. சுவர்க் கடிகாரம், தூரத்துத் தவளை, புடவை உரசும் ஃபோலி (படத்தைப் பார்த்து ஸ்டுடியோவில் செய்து பதியும் ஒலி), அவ்வளவுதான். அப்புறம் சமையலறையில் ஒரு பித்தளைச் சொம்பு விழும். அந்த இடத்தில் இயக்குநர் உட்பட எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. இத்தனைக்கும் சொம்பின் அளவை நாங்கள் ஏற்றவே இல்லை. மீட்டரில் பார்த்தால், முந்தைய சண்டைக்காட்சியில் விழும் ஒரு அடியைவிட அது சின்னது.

வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்குப் போனேன். அந்த இடம் வந்து பத்து வினாடி ஆகியிருக்காது, பின்வரிசையிலிருந்து "சவுண்டு எங்கப்பா?" என்று குரல். தொடர்ந்து விசில். கடிகாரமும் தவளையும் ஏசி இரைச்சலுக்குள் போய்விட்டிருந்தன. சொம்பு விழுந்தது. யாரும் அசையவில்லை.

இடைவேளையில் புரொஜெக்டர் அறைக்கு ஏறினேன். தியேட்டரின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 5-இல் இருந்தது. நாங்கள் மிக்ஸ் செய்வது 7-இல். அந்த அளவில் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை மைனஸ் 20-இல், அதாவது பதிவின் உச்சத்துக்கு 20 டெசிபல் கீழே ஓடவிட்டால், திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் இருக்கையில் 85 டெசிபல் காட்ட வேண்டும். அதற்கு மேலே இன்னும் 20 டெசிபல் இடம், அதாவது 105 வரை. 7-ஐ 5 ஆக்கினால் ஏறக்குறைய 7 டெசிபல் போய்விடும்.

"அண்ணே, கொஞ்சம் ஏத்தக் கூடாதா?" என்றேன் ஆபரேட்டரிடம்.

"போன படத்துக்கு 7-ல வச்சேன் தம்பி. காதைப் பொத்திக்கிட்டு வெளிய வந்து சண்டை போட்டாங்க. நீங்க எல்லாப் படத்தையும் கத்த வைக்கிறீங்க, நான் எப்படி ஏத்துறது?"

அவர் சொன்னது நியாயம். பாட்டு, அடி, கதாநாயகன் நடந்து வருவது என்று எதையும் விடாமல், ஒலி ஒரு எல்லையைத் தாண்டாமல் பிடிக்கும் லிமிட்டரில் அழுத்தி உச்சத்திலேயே வைக்கிறோம். தியேட்டரில் குறைக்கிறார்கள். குறைக்கிறார்களே என்று அடுத்த படத்தில் நாங்கள் இன்னும் ஏற்றுகிறோம். நடுவில் நசுங்குவது வசனமும் மௌனமும்தான். மேலே அந்த 20 டெசிபல் எப்போதாவது ஒருமுறை போய்வருவதற்கு, அங்கேயே குடியிருப்பதற்கு அல்ல.

சில ஆண்டுகள் கழித்து கைபேசி விளையாட்டுகள் செய்யும் இடத்துக்கு மாறினேன். படத்தில் சொம்பு எப்போது விழும் என்பது எனக்குத் தெரியும். விளையாட்டில் அது ஆடுபவர் கையில். 20 நிமிடம் விடாமல் சுட்டுக்கொண்டே இருப்பார். அதுவும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஆடினால், எஞ்சின் சத்தத்துக்குக் கீழே நான் வைக்கும் எதுவுமே அவருக்கு இல்லை. விளையாட்டின் சராசரி உரப்புக்கு சோனி வகுத்த அளவுகூட வீட்டுக் கருவிக்கு மைனஸ் 24 லஃப்ஸ் (உரப்பை அளக்கும் அலகு), கையில் வைத்து ஆடுவதற்கு அதைவிட உரக்க, மைனஸ் 18 என்று பிரிகிறது.

ஸ்வீடனின் டைஸ் நிறுவனம் 2008-இல் 'பேட்டில்ஃபீல்டு: பேட் கம்பெனி' விளையாட்டில் செய்ததைப் படித்தபோதுதான் எனக்குப் பிடி கிடைத்தது. அதில் ஒவ்வொரு ஒலிக்கும் அதன் உரப்புக்கு ஏற்ப ஒரு மதிப்பு உண்டு. அந்தக் கணத்தில் எது மிக உரக்க ஒலிக்கிறதோ அதைப் பொறுத்து கேட்கும் எல்லை மேலே நகரும். எல்லைக்குக் கீழே விழுபவை ஒலிக்கவே ஒலிக்காது. டாங்கி சுடும்போது காலடி காணாமல் போகும். ஸ்பீக்கரில் அளவு ஏறாமலே டாங்கி பெரிதாகிவிடும்.

மறுபடி படங்களுக்கு வந்த பிறகு, அமைதியான காட்சிக்கு அளவைக் குறைப்பதை விட்டுவிட்டேன். ஒலிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறேன். முந்தைய காட்சியிலிருந்தே காற்று, தெரு, இசை என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிஞ்சும் ஒரே ஒலியை ஏசிக்கு மேலே நிற்கும்படி வைக்கிறேன். "காலியா இருக்கே சார்" என்று இயக்குநர்கள் தயங்குவார்கள். அந்த இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சமீபத்தில் செய்த படத்தில் ஒரு தாத்தாவின் மூச்சு மட்டும் கேட்கும் காட்சி. ஃபேடர் அன்றும் 5-இல்தான். பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் பாப்கார்ன் மெல்வதைப் பாதியில் நிறுத்தியது கேட்டது.