கேட்டால் கொடுத்துவிடுவதா?

டைட்டானிக் கண்காட்சிக்குப் போனவர்களுக்கு அந்த அட்டை நினைவிருக்கும். உள்ளே நுழையும்போதே போர்டிங் பாஸ் மாதிரி ஒன்றைக் கையில் தருவார்கள். அதில் கப்பலில் போன ஒரு பயணியின் பெயர், வயது, எந்த வகுப்பு, யாரோடு போனார் என்பதெல்லாம் இருக்கும். பிழைத்தாரா இல்லையா என்பது மட்டும் இருக்காது. அதைக் கடைசி அறையில், சுவரில் எழுதியிருக்கும் பட்டியலில் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அட்டையைக் கொடுப்பதுதான் என் வேலை.

பெரியவர்களுக்குக் கைக்கு வந்ததைக் கொடுப்பேன். குழந்தைகளுக்கு மட்டும் பிழைத்தவர்களின் அட்டைகளைத் தனியாக ஒரு கட்டு எடுத்து வைத்திருந்தேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. எட்டு வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் கையில் இருந்தவர் செத்துப்போனார் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டாமே என்றுதான்.

அந்தப் பையனுக்குப் பத்து வயது இருக்கலாம். கட்டிலிருந்து ஒன்றை உருவியபோது, "அக்கா, எனக்குச் செத்தவங்க அட்டை கொடுங்க" என்றான். அவன் பெரியம்மா மகன் முன்பே வந்து போயிருக்கிறான். அவனுக்குச் செத்தவர் கிடைத்ததாம். அம்மா பக்கத்தில் டிக்கெட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை.

நான் குட்வின் வீட்டுப் பையன் ஒருவனின் அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

குட்வின் குடும்பம் இங்கிலாந்திலிருந்து மூன்றாம் வகுப்பில் போனது. அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள். நயாகரா அருவிப் பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பியவர்கள். எட்டுப் பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. கடைக்குட்டி சிட்னிக்கு 19 மாதம். உடல்களை மீட்கப் போன மக்கே-பென்னட் கப்பல் அந்தக் குழந்தையை எடுத்து வந்தது. யார் பிள்ளை என்று தெரியாததால் அந்தக் கப்பலின் ஆட்களே செலவு செய்து கனடாவின் ஹாலிஃபாக்ஸில் கல்லறை கட்டினார்கள். 2002-இல் மரபணுச் சோதனை செய்து, பின்லாந்துக் குழந்தை ஒன்றின் பெயரைச் சொன்னார்கள். ஆனால் இறந்த குழந்தையின் காலில் இருந்ததாகப் பாதுகாத்து வைத்திருந்த காலணி, அந்தப் பின்லாந்துக் குழந்தையின் வயதுக்குப் பெரிதாக இருந்தது. மறுபடி சோதித்து, 2007-இல்தான் அது சிட்னி குட்வின் என்று உறுதியாயிற்று. ஒரு குழந்தையின் பெயரைக் கண்டுபிடிக்க 95 ஆண்டுகள் கழித்தும் ஆட்கள் மெனக்கெட்டிருக்கிறார்கள். பையனுக்கு இதெல்லாம் தெரிந்தால் நல்லதுதானே என்று நினைத்தேனா? அப்படித்தான் அப்புறம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கடைசி அறையிலிருந்து அவன் கத்தியது வாசல் வரை கேட்டது. "அம்மா, எட்டுப் பேரும் அவுட்!" அழவில்லை, முகம் வாடவில்லை. பெரியம்மா மகனுக்கு ஒரே ஒருவர்தான், இவனுக்கு எட்டு.

அம்மா திரும்பி வந்தார். "இது தெரிஞ்சுதான் கொடுத்தீங்களா?"

"ஆமாங்க. அவன்தான் கேட்டான்."

"கேட்டா கொடுத்துடுவீங்களா?"

சண்டை போடவில்லை. புகார்ப் புத்தகமும் கேட்கவில்லை. பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். இவ்வளவுதான் நடந்தது. திட்டிவிட்டுப் போயிருந்தால் மறந்திருப்பேன்.

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. இந்தக் கப்பல் விஷயத்தில் கேட்டதைக் கொடுப்பது என்னோடு தொடங்கியதா என்ன? 1912 ஏப்ரல் 18 இரவு, பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு கார்பேதியா கப்பல் நியூயார்க் வந்து சேர்ந்தபோதே துறைமுகத்தில் மழையில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். அவர்கள் எல்லாரும் உறவினர்கள் அல்ல. டோரதி கிப்சன் என்ற நடிகை உயிர்காக்கும் படகில் தப்பியவர். சுமார் ஒரு மாதத்தில், அந்த விபத்தைப் பற்றிய ஊமைப்படத்தில் அவரே நடித்து வெளிவந்துவிட்டது. அன்றிரவு உடுத்தியிருந்த அதே உடையோடு நடித்தார். அவரிடமும் யாரோ கேட்டிருக்கிறார்கள், அவரும் கொடுத்திருக்கிறார்.

கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பனிப்பாறையில் மோதியது இரவு 11.40-க்கு, மூழ்கியது 2.20-க்கு. இரண்டு மணி நாற்பது நிமிடம். மூழ்குவது நிச்சயம் என்று தெரிந்த பிறகும், யார் படகில் ஏறுவது, யார் நிற்பது என்று முடிவு செய்ய அவகாசம் இருந்தது. கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர். படகுகள் 20, அவற்றில் இடம் 1,178 பேருக்கு. நான் அங்கே இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யாருக்குத்தான் தோன்றாது? அட்டையும் அந்தக் கேள்வியைத்தான் கையில் திணிக்கிறது.

ஆனால் அட்டை அடிக்க முதலில் பெயர் வேண்டும். இது எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 1987 டிசம்பர் 20 அன்று பிலிப்பைன்ஸில் டோனா பாஸ் என்ற பயணிகள் கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதி எரிந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். டைட்டானிக்கில் இறந்தவர்கள் சுமார் 1,500. டோனா பாஸின் அதிகாரபூர்வப் பட்டியலில் இருந்ததோ சுமார் 1,500 பயணிகளின் பெயர்தான். மற்றவர்கள் கணக்கில் இல்லாமல் ஏறியவர்கள். அந்தக் கப்பலில் வந்தவர்களில் தப்பியது 24 பேர். அதற்கு எப்படிக் கண்காட்சி வைப்பது? அட்டையில் யார் பெயரை எழுதுவது? டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்புப் பயணிக்கும் டிக்கெட் எண் வரை இருக்கிறது. அதனால்தான் நூறு வருடம் தாண்டியும் அவரைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்ற முடிகிறது. இது அவருக்குச் செய்கிற மரியாதையா, அல்லது பெயர் அகப்பட்டதால் மாட்டிக்கொண்டாரா? மரியாதைதான் என்று சில நாள் தோன்றும். "எட்டுப் பேரும் அவுட்" ஞாபகம் வந்தால் தோன்றாது.

2023 ஜூனில் கடலடியில் கிடக்கும் டைட்டானிக்கின் சிதைவைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி நசுங்கி ஐந்து பேர் இறந்தார்கள். ஒரு இருக்கைக்கு 2,50,000 டாலர். அந்த வாரம் கண்காட்சியில் கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, அந்த ஐந்து பேருக்கும் அட்டை உண்டா என்பது. இல்லை என்றோம். கேட்டும் கொடுக்காத ஒரு தடவை. கொடுக்கத்தான் எங்களிடம் இல்லை, சரி.

என் பக்கத்தில் இன்னொரு நியாயமும் உண்டு. மூன்றாம் வகுப்பில் போன 79 குழந்தைகளில் பிழைத்தவர்கள் 27 பேர் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொல்கிறது. இரண்டாம் வகுப்பின் 24 குழந்தைகளும் பிழைத்தார்கள். முதல் வகுப்பில் இறந்த ஒரே குழந்தை லொரெய்ன் ஆலிசன், வயது இரண்டு. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால்தான் டைட்டானிக்கைப் பார்த்ததாக அர்த்தம். பிள்ளைகளுக்கெல்லாம் பிழைத்தவர்களாகவே பொறுக்கிக் கொடுத்தபோது, குழந்தைகள் எல்லாரும் தப்பித்துவிட்டார்கள் என்ற எண்ணத்தோடுதான் அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். அதைப் பற்றி எந்த அம்மாவும் வந்து கேட்டதில்லை. ஆக, அந்தப் பையனுக்கு மட்டும்தான் உண்மையைக் கொடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். அந்த நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் மனதில் ஓடியதா என்றால், ஓடவில்லை. பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

பிழைத்தவர்களின் அட்டை சுவாரசியம் இல்லாதது என்பதும் அவன் எண்ணம்தான். மில்வினா டீன் கைக்குழந்தையாக, இரண்டு மாத வயதில், அதே மூன்றாம் வகுப்பில் போனவர். அப்பாவை இழந்தார்; தானும் அம்மாவும் அண்ணனும் தப்பினார்கள். பிழைத்தவர்களில் கடைசியாக 2009 வரை இருந்தவர். முதியோர் இல்லக் கட்டணத்துக்காகத் தன்னிடமிருந்த டைட்டானிக் நினைவுப் பொருட்களை விற்றார். அவர் அட்டையும் அந்தக் கட்டில்தான் இருந்தது. அதைக் கொடுத்து, இவர் கதையைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். பத்து வயதுப் பையன் கேட்டிருப்பானா என்பது வேறு விஷயம்.

இப்போது கட்டு எதுவும் கிடையாது. எல்லா அட்டையையும் ஒரு பெட்டியில் போட்டுவிட்டோம். வருகிறவர்களே கைவிட்டு எடுத்துக்கொள்கிறார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று மேற்பார்வையாளர் நினைக்கிறார். பெரியவர்கள் மூன்றாம் வகுப்பு வந்தால் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மாத்திக்கலாமா?" என்கிறார்கள். முதல் வகுப்பு வேண்டுமாம். என்னோடு வேலை செய்யும் நண்பர் மாற்றிக் கொடுத்துவிடுவார், காசு கொடுத்து வந்தவர்கள் சந்தோஷமாகப் போகட்டும் என்பார். நான் மாற்றுவதில்லை. அந்தப் பையன் கேட்டது இதைவிட மேல் என்று அவரிடம் ஒருமுறை வாதாடினேன். அவனாவது சுவர் முன்னால் நின்று எட்டுப் பெயரையும் ஒவ்வொன்றாகத் தேடினான். முதல் வகுப்பு வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் கடைசி அறையில் நிற்பதே இல்லை, நேரே நினைவுப் பொருள் கடைக்குப் போய்விடுகிறார்கள் என்றேன். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் போகும் வழியில் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள் என்கிறார்.