ஒரு சிவப்புக் கோட்டின் பின்னால்

மார்ச் 4, செவ்வாய்

நோய்க்குரிய புரதம் இருந்தால் சிவப்புக் கோடு காட்டும் காகிதச் சோதனைப் பட்டைக்காகக் காலையில் தங்கத் துகள் காய்ச்சினேன். வேதியியலாளர் டர்கெவிச் 1951-இல் எழுதிய முறைதான்: கொதிக்கும் தங்கக் குளோரைடில் சிட்ரேட்டை ஒரே மூச்சில் ஊற்றுவது. மஞ்சள் வெளிறி, நிறமே போய், கருநீலமாகக் கலங்கி, பிறகு மாணிக்கமாய்ச் சிவக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தச் சில நிமிடம் கண்ணை எடுக்க மனம் வராது. ஒளி உறிஞ்சல் உச்சம் 520 நானோமீட்டர் அலைநீளத்தில். இவை சின்ன விதைத் துகள்கள்தான், சோதனைப் பட்டைக்கு 40 நானோமீட்டர் விட்டம் வரை வளர்க்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

வளர்த்தாயிற்று, கெடுத்தும் ஆயிற்று. தேடும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைச் சேர்த்ததும் குப்பி முழுக்க ஊதா. அமிலத்தன்மையைச் சரிசெய்ய மறந்திருக்கிறேன்! இரண்டு சொட்டு பொட்டாசியம் கார்பனேட் போட்டிருந்தால் போதும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நிறம் நீலத்துக்குச் சாயும்; திரும்பாது. ஆன்டிபாடி விலையை நினைக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை உப்புச் சோதனையில் தேறியது. வெறும் துகளில் உப்பு விழுந்தால் உடனே நீலம். ஆன்டிபாடி போதிய அளவு போர்த்தியிருந்தால் சிவப்பு அப்படியே நிற்கும். நின்றது. பஃபரில், அதாவது அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசலில், தேடும் புரதத்தைக் கலந்து பட்டையில் விட்டால் கோடு பளிச்சென்று வந்தது. கொஞ்சம் தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 11, செவ்வாய்

அந்த மகிழ்ச்சிக்கு ஒரு நாள்தான் ஆயுள். பஃபருக்குப் பதில் சீரம், இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர். நாம் தேடும் புரதம் துளிகூட இல்லாத சீரம். அதிலும் மெல்லிய கோடு!

பஃபர் சாது. சீரம் அப்படியல்ல, உள்ளே போன நொடியே அதிலுள்ள புரதங்கள் துகளின் மேல் மொய்த்துவிடும். நான் பொறுக்கிப் பொறுக்கி உட்கார வைத்த ஆன்டிபாடிக்கு மேல் அழையாத கூட்டம். அதில் எதுவோ கோட்டில் ஒட்டுகிறது. இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லும் பட்டையைவிட, பட்டையே இல்லாமலிருப்பது மேல்.

மார்ச் 13, வியாழன்

பக்கத்து மேசைக்காரர் புற்றுக்கட்டிக்கு மருந்து சுமக்கும் துகள் செய்பவர். என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தார். 2016-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, ஊசியில் ஏற்றும் துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்வது இடைநிலையாக 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் வாரிக்கொள்ளும். "உன் துகள் காகிதத்தில்தானே ஓடணும்?" என்றார். பதில் சொல்லத் தோன்றவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வேண்டாத புரதங்கள் ஒட்டாமலிருக்க, பஃபரில் சோப்பு போன்ற டுவீனைக் கூட்டினேன், மாட்டு இரத்தப் புரதமான அல்புமினையும். வெற்றுச் சீரத்தில் ஆறு பட்டை, பதினைந்து நிமிடம். ஐந்து சுத்தம். ஆறாவதைச் சாய்த்துப் பார்த்தால் ஏதோ இருக்கிற மாதிரி. பக்கத்து மேசைக்காரரிடம் நீட்டினேன். "ஒண்ணுமில்லையே" என்றார்.

குறிப்பேட்டில் 'சந்தேகம்' என்றே எழுதிவைத்தேன். திங்களன்று இருபது பட்டை.