கோகோவின் தம்பிக்கு நான்கு எழுத்துக்கூட்டல்

வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்த இரண்டாவது வருடம். அலுவலக நண்பர் ஒருவர், “உனக்கு எக்செல் நன்றாக வருமே, சனிக்கிழமை சும்மாதானே இருக்கிறாய்” என்று ஒரு சின்னக் குழுவிடம் கூட்டிக்கொண்டு போனார். நிறவெறி ஆட்சியில் கொல்லப்பட்டவர்கள், காவலில் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் பற்றிய விவரங்களைக் குடும்பம் குடும்பமாகத் திரட்டிக் கோப்பாக்கும் வேலை. சம்பளம் இல்லை, ரூய்போஸ் டீ உண்டு. ஒரே பெயர் இரண்டு தடவை ஏறியிருந்தால் அதைக் கண்டுபிடித்து நீக்குவதற்காகத்தான் என்னை அழைத்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு கோப்பைக் கையில் கொடுத்து, “இதை மட்டும் முழுசாக நீயே பார்” என்றார்கள். அது முடிய பதினான்கு மாதம் ஆயிற்று. இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு தாள். ஜோஹன்னஸ்பர்க் ஓரத்தில் கறுப்பர்களைக் குடிவைத்த சோவெட்டோவின் மெடோலேண்ட்ஸ் பகுதியில் வசிக்கும், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. அவருடைய தம்பி, பள்ளி மாணவன், வயது 17, 1976 ஜூன் 17 அன்று சுடப்பட்டு இறந்தான். அவ்வளவுதான். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பாடம் நடத்துவதை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போனது 16ஆம் தேதி. அன்றே போலீஸ் சுட்டது. புகைப்படத்தில் தூக்கிச் செல்லப்படுகிற, சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனை உலகத்துக்கே தெரியும். மறுநாளும் சுட்டார்கள், அதற்கப்புறமும் சுட்டார்கள். அரசே அமைத்த சிலியே விசாரணை ஆணையம் 575 பேர் இறந்ததாகக் கணக்குக் கொடுத்தது. அந்தக் கணக்கை நம்பாதவர்கள் இங்கே நிறைய.

முதல் தடவை பாட்டியைப் பார்க்கப் போனபோது நான் செய்த தப்பு, படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தது. “என்ன நடந்தது கோகோ?” என்று கேட்டேன் (இங்கே எல்லாப் பாட்டிகளும் கோகோதான், நம்ம ஊரில் ஆச்சி என்று கூப்பிடுகிற மாதிரி). அவர் 1955இல் இருந்து ஆரம்பித்தார். அவருக்கு நான்கு வயது இருக்கும்போது நகரத்துக்குள் இருந்த சோஃபியாடவுனைக் காலி செய்யச் சொல்லி, அங்கிருந்து வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி அவர்களை மெடோலேண்ட்ஸில் கொண்டுவந்து இறக்கியதை, மழை பெய்ததை, அம்மாவின் தையல் மெஷின் நனைந்ததை, பெரியவர் வீடும் அத்தை வீடும் வேறு வேறு பகுதிக்குப் போனதை என்று அரை மணி நேரம் சொன்னார். தம்பி அப்போது பிறக்கவே இல்லை. என் படிவத்தில் இதற்குக் கட்டமே கிடையாது. அந்தப் படிவம், நிறவெறி ஆட்சி முடிந்தபின் அதன் கொடுமைகளை விசாரிக்க அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் வரையறையை ஒட்டிச் செய்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி கொலை, கடத்தல், சித்திரவதை, கடுமையான துன்புறுத்தல் ஆகியவைதான் ‘மோசமான மனித உரிமை மீறல்’. வீட்டை விட்டுத் துரத்தினது அதில் சேராது, கறுப்பர்கள் எங்கே போனாலும் அனுமதிப் புத்தகம் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தில் பிடித்து உள்ளே போட்டதும் சேராது. லட்சக்கணக்கான பேருக்கு நடந்தது அதுதான், ஆனால் அதற்குக் கட்டம் இல்லை. எனக்கு இன்னும் அது செரிக்கவில்லை. அன்றைக்குத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க அவர் சொன்னதை எழுதினேன். இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

1996, 97இல் ஆணையத்தின் ஆட்கள் ஊர் ஊராக வந்து வாக்குமூலம் வாங்கியபோது ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அப்போது அம்மா உயிரோடு இருந்தாராம். “போனவன் போனவன்தான், அதை வேறு ஒரு முறை அழுது காட்டணுமா” என்று சொல்லிவிட்டாராம். ஆணையத்துக்கு வந்தவை 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள். அதில் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஆணையம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருந்தவர்களுக்குத்தான் 2003இல் அரசு ஆளுக்கு 30,000 ரேண்ட் என்று அறிவித்தது. அதற்கப்புறம் பட்டியலில் யாரையும் சேர்க்கவில்லை. கோகோ நேரடியாகவே கேட்டார்: “எனக்கு அந்தப் பணம் வருமா?” வராது என்றேன். “சரி, அப்போ பேரையாவது ஒழுங்கா எழுது” என்றார்.

ஒழுங்காக எழுதுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அவர்கள் குடும்பப் பெயர் ‘ட்ஸ்’ என்ற ஒலியில் தொடங்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது டியும் எஸ்ஸும் வரலாம், நடுவில் ஹெச் சேரலாம், காதில் விழுந்தபடி சியும் ஹெச்சும் போட்டு முடித்துவிடலாம். எழுதியவர்கள் முக்கால்வாசி அந்த மொழி தெரியாத வெள்ளைக்கார குமாஸ்தாக்கள். தம்பிக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் வாத்தியார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. இது போதாதென்று, கறுப்பர்களுக்கு அப்போது மற்றவர்களைப் போன்ற அடையாள எண் கிடையாது, தனியாகப் பாஸ் புத்தகமும் அதற்கென்று ஓர் எண்ணும்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி அடையாளப் புத்தகம் வந்ததே 1986இல். ஹெக்டர் பீட்டர்சன் குடும்பத்தின் பெயரே முதலில் பிட்சோ என்றுதான் இருந்ததாம், அரசின் இனப் பிரிவுகளில் ‘கலப்பினத்தவர்’ வகையில் சேர்ந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று மாற்றிக்கொண்டார்களாம். இனிஷியலோடு வந்து சேர்ந்த என்னையே அலுவலகத்தில் முதல் ஆறு மாதம் என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், ஆகவே இந்தக் குழப்பம் எனக்கு ஓரளவு பழக்கம்.

அதனால் எக்செல்லில் ஒரே ஆளுக்கு எட்டு விதமாக எழுத்துக்கூட்டி, எட்டையும் வைத்துத் தேடினேன். சிலியே அறிக்கையோடு இருக்கும் இறந்தவர் பட்டியலில் ஒத்துப்போகிற மாதிரி இரண்டு பெயர்கள் வந்தன, விசாரித்ததில் இரண்டுமே இவன் இல்லை. பழைய செய்தித்தாள்களில் ஒன்றும் இல்லை. கடைசியில் கைகொடுத்தது இடுகாட்டுப் பதிவேடு. கனமான அட்டை போட்ட பெரிய நோட்டு. அதைப் பார்த்துக்கொள்கிறவர் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். ஜூன் முதல் வாரம் வரை நிதானமான கையெழுத்து, வரிக்கு வரி இடைவெளி. மாதக் கடைசிக்கு வரும்போது எழுத்து சாய்கிறது, மை மாறுகிறது, மேலே உள்ள வரிக்கு ‘அதேதான்’ என்று புள்ளிக்குறி போட்டுக்கொண்டே போகிறார்கள். ஜூலை 3ஆம் தேதி வரியில் இருந்தான். நான் யோசித்தே பார்க்காத ஒன்பதாவது எழுத்துக்கூட்டல். வயது 20 என்று இருந்தது. பக்கத்தில் குழி எண்.

அந்தத் தேதி கிடைத்ததும் மற்றதெல்லாம் மெதுவாக நகர்ந்தது. இறப்புச் சான்றிதழின் நகல் வந்தது, காரணம் என்ற இடத்தில் ‘இயற்கை அல்லாதது’ என்று மட்டும். அடுத்து மரண விசாரணைக் கோப்பு. 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் ஓர் அலுவலகத்துக்கு மனுப் போட்டேன். நம்ம ஆர்டிஐ மாதிரியே 30 நாள் கெடு, நம்ம ஆர்டிஐ மாதிரியே பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் மறுத்ததாகவே அர்த்தம், அப்புறம் மேல்முறையீடு. ஏழு மாதம் கழித்து ‘தேடியும் கிடைக்கவில்லை’ என்று ஒரு பக்கக் கடிதம். எனக்கு வெறுத்துப் போயிற்று. எங்கள் குழுவின் மூத்த அம்மா, “அதையும் கோப்பில் வை, இல்லை என்று அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் ஆவணம்தான்” என்றார். 1993இல் உளவுத்துறைத் தலைமையகம் மட்டுமே 44 டன் காகிதத்தையும் மைக்ரோஃபிலிமையும் உருக்காலை உலையில் போட்டு எரித்த நாடு இது. என் ஒரு கோப்பு எந்த மூலையில் மட்கியதோ.

விசாரணைக் கோப்பு இல்லாததால் கோகோவின் பிரமாணப் பத்திரம் முக்கியமாகிவிட்டது. அதில் சத்தியம் வாங்கி முத்திரை குத்த இங்கே மக்கள் போகிற இடம் எது தெரியுமா? போலீஸ் ஸ்டேஷன். தம்பியைப் போலீஸ் சுட்டது என்று போலீஸ்காரர் முன்னாலேயே சத்தியம் செய்ய வேண்டும். வேறு இடமும் உண்டு, தபால் நிலையத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். “நான் ஏன் சுத்திப் போகணும்” என்று கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கவுன்டரில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தாளை வாங்கிப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றான். மறுபடி மேலே போய்ப் படித்தான். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு, “உட்காருங்கள் கோகோ” என்றான். இதில் உள்ளது உங்களுக்குப் புரிகிறதா, சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா, இந்தச் சத்தியம் உங்கள் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும் என்று கருதுகிறீர்களா என்று வழக்கமான மூன்று கேள்விகளையும் அவர்கள் மொழியிலேயே கேட்டான். மூன்றாவது கேள்விக்குக் கோகோ அவனை நிமிர்ந்து பார்த்து, “என்னுடையதையா கேட்கிறாய்?” என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையை இரண்டு தடவை அழுத்திக் குத்தினான்.

இப்போது கோப்பில் 31 பக்கம். முதல் பக்கத்தில் கோகோ சொன்ன எழுத்துக்கூட்டல்தான் பெயர். பள்ளி ரிப்போர்ட் கார்டில் உள்ளது, இறப்புச் சான்றிதழில் உள்ளது, இடுகாட்டுப் பதிவேட்டில் உள்ளது மூன்றையும் அதன் கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறேன். ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற தலைப்பை அடிக்கச் சொன்னார் கோகோ. அவன் என்ன பாதிக்கப்பட்டவன், ஊர்வலத்தில் முன்னால் நடந்தவன் என்றார். படிவத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, பென்சிலால் ஒரு கோடு போட்டேன், மூத்த அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டார்.

குழியைத் தேடிப் போன அன்று வரிசை எண் தகடுகள் பாதிக்கு மேல் காணோம். தெரிந்த ஒரு கல்லில் இருந்து ஆரம்பித்துக் கோகோவின் பேரன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று எண்ணிக்கொண்டே வந்தோம், முதல் தடவை எண்ணிக்கை ஒன்று உதைத்தது, மறுபடி எண்ணினோம். புல் முளைத்த மேடு, கல் இல்லை. கோகோ கைப்பையில் இருந்து ஜெராக்ஸ் பிரதியை எடுத்து எண்ணைச் சரிபார்த்துவிட்டு, பேரனிடம் கல் போட எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கச் சொன்னார். என்னிடம் இன்னும் ஐந்து பிரதி கேட்டார், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. கலரில்.