ஏழரை கிலோவாட்

அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நடக்கப் போறப்ப நாலாவது மாடியில சார்ஜர் லாட் காலியா இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா." பார்த்துச் சொல்லத்தான் சொன்னேன், பிடித்து வைக்கச் சொல்லவில்லை. அக்கா எப்படியும் விசாரணைக் கமிஷன் வைப்பாள். அதற்காக இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் கார்ப்பேட்டைக்கு மூன்று மின்கார் சார்ஜர்கள். 2030க்குள் சிங்கப்பூர்த் தீவு முழுக்க 60,000 என்பது அரசாங்கத்தின் இலக்கு. அதில் ஈசூனின் இந்த மூலைக்கு இதுவரை வந்து சேர்ந்தது மூன்று. மூன்றே மூன்று மின்கார் இருந்த காலத்தில் ராஜபோகமாக இருந்தோம். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

சார்ஜரின் வேகம் 7.4 கிலோவாட். அம்மா வாயில் அது 'ஏழரை'. ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். ஆனால் இரவு ஒன்பதுக்கு வயரை மாட்டினால் என் கார் நிறையக் காலை ஐந்தாகிறது. அதுவரை அந்த இடம் வேறு யாருக்கும் கிடையாது. ஒன்பதரைக்கு வருகிறவன் மூன்று கார்களையும் சுற்றிச் சுற்றி வந்து, நவகிரகத்தை வலம் வந்தவன் மாதிரி பெருமூச்சு விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். ஏழரை என்பது சரியான பெயர்தான்.

மச்சானுக்கு இதில் தனி ஆனந்தம். 2040க்குள் எல்லா வண்டியும் தூய எரிசக்தியில் ஓடவேண்டும் என்பது திட்டம் என்று எடுத்துச் சொன்னால், "சரி, அதுவரைக்கும் நான் பெட்ரோல் போடறேன், நீ லாட் தேடு" என்கிறான். எந்தக் கார்ப் பேச்சையும் அவன் சிஓஇயில், அதாவது கார் வாங்க ஏலத்தில் எடுக்கவேண்டிய உரிமைச் சான்றிதழில், கொண்டுவந்துதான் முடிப்பான். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனது. அந்த ஒன்றரை லட்சம் அவனை உறுத்தவில்லை. கடைசியில் நிற்கும் ஒரு வெள்ளிதான் இன்றுவரை உறுத்துகிறது. "அந்த ஒரு வெள்ளி எதுக்குடா? மொய்யா?"

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை துவாஸிலிருந்து கிளம்பும்போது பேட்டரியில் பதினெட்டு விழுக்காடு. கேஜேஇ விரைவுச்சாலையில் லாரி ஒன்று குடைசாய்ந்து, ஒரு மணி நேரம் ஊர்ந்தேன். வீட்டை நெருங்கும்போது ஒன்பது விழுக்காடு. ஒன்பதில் இன்னும் முப்பது கிலோமீட்டராவது ஓடும், கிழக்கிலிருந்து மேற்கே தீவின் நீளமே ஐம்பதுதான், எல்லாம் தெரியும். இருந்தும் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்ததும் கை தானாக ஏசியை அணைத்தது. தொப்பலாக நனைந்து நாலாவது மாடிக்கு ஏறினால், லாட்டின் நடுவில் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி. பக்கத்தில் அம்மாவின் சந்தைத் தள்ளுவண்டி.

முதலில் டிஷ்யூ பாக்கெட்தான் வைத்தாராம். "தேக்கா சாப்பாட்டுக் கடையில மேசைக்கு வச்சா யாரும் தொடறதில்ல. இங்க மட்டும் என்னவாம்?" தரையில் டிஷ்யூ வைத்து கார் லாட்டை 'சோப்' பண்ணிய, அதாவது இடம் பிடித்த, முதல் ஆள் அநேகமாக என் அம்மாதான். யாரோ அதன்மேல் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். டயர் தடத்தோடு அப்பளமாகக் கிடந்தது. அதற்கப்புறம்தான் வீட்டுக்குப் போய் முக்காலி. அரை மணி நேரம் போனில் சீரியல் பார்த்துக்கொண்டே காவல்.

வந்தவர்களிடம் அம்மா தன் பழைய சந்தை மலாயைப் பிரயோகித்திருக்கிறார். "துங்கு, துங்கு, அனா சாயா!" பொறுங்க, பொறுங்க, என் பிள்ளை என்று அர்த்தம். ஒருவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தது ஏழாவது மாடிச் சீனப் பெண். அவளுக்கு மலாய் தெரியாது. அம்மா ஆங்கிலத்துக்கு மாறினார்: "மை சன் கமிங், டூ மினிட்ஸ்." நான் அப்போது கேஜேஇயில் அந்த லாரியின் நான்கு சக்கரங்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பார்த்த காட்சி இது. முக்காலி லாட்டில் இருக்கிறது, ஆனால் அம்மா அதில் இல்லை. தூணோரம் நின்று ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முக்காலியைக் காலால் நகர்த்தினார். எனக்காகத்தான் என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் கார் நிதானமாக உள்ளே போனது.

"பாவம்டா, கைக்குழந்தை. ஆறு பர்சென்ட்தான் இருக்காம். உனக்குத்தான் ஒன்பது இருக்கே."

அக்காவைவிட மூன்று மார்க் கூட வாங்கியதற்காகச் சின்ன வயதில் அடி தப்பியது ஞாபகம் வந்தது. அன்று காப்பாற்றிய அதே மூன்று இன்று காலை வாரிவிட்டது.

இரண்டு புளோக் தள்ளியிருக்கும் கார்ப்பேட்டைக்குப் போனேன். வேறு கார்ப்பேட்டை என்பதால் இரவுக் கட்டணம் 5 வெள்ளி. காலையில் எழுந்து போகக் கொஞ்சம் தாமதம். சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காமல் விட்டதற்குத் தனியாக ஒரு தண்டம். சோம்பலுக்குக்கூட நிமிடக் கணக்கில் பில் போடுகிறார்கள்.

இதோடு முடிந்திருக்கும். மறுநாள் அந்தப் பெண் ஒரு பை ஆரஞ்சோடு வந்து அம்மாவிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். பின்னாலேயே அந்த "துங்கு" மனிதரும் கொடுத்தார். இன்று காலை கோயில் நாள்காட்டியின் பின்பக்கத்தைத் தற்செயலாகத் திருப்பினேன். கிழமை, வண்டி நம்பர், எத்தனை மணி, எல்லாம் அம்மாவின் கோணல் கையெழுத்தில். இன்றைய வரிசையில் நான் நான்காவது. இருப்பதோ மூன்று சார்ஜர்.

என்னம்மா இது என்றேன்.

"வீட்டு ஆளுக்கு முன்னாடி குடுத்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"