சிவப்புப் பட்டைக்கு யார் காரணம்?

விண்டோஸில் ஒரு டிரைவில் காலியிடம் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால், அதன் நீலப் பட்டை சிவப்பாகிவிடும். பினாங்கில் சின்னச் சின்ன அலுவலகங்களுக்குக் கணினி பழுது பார்ப்பது என் தொழில். எனக்கு வரும் அழைப்புகளில் நிறைய இந்தச் சிவப்பைப் பற்றித்தான். "தம்பி, சி டிரைவ் சிவப்பாயிருச்சு லா" என்று ஆரம்பிப்பார்கள். மூச்சு விடுவதற்குள் பழி ஒருவர் தலையில் விழுந்துவிடும். புதுசாக வந்த பையன் படம் இறக்குகிறான், கணக்குப் பிள்ளை எதையும் அழிக்க விடமாட்டேன் என்கிறார், ஸ்கேனர் பெரிய பெரிய ஃபைலாகப் போடுகிறது. விண்டோஸ் மேல் யாருக்கும் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை.

லெபு பந்தாய் தெருவில், சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்க்கும் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகம். பழைய கடைவீட்டின் மாடியில் நாலைந்து மேசை. சுங்கத்துறைக்கு இறக்குமதி கே1, ஏற்றுமதி கே2 படிவங்கள் தயாரிப்பது, இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் ஸ்கேன் பண்ணி வைப்பது என்று நாள் முழுக்கக் கணினியில்தான் வேலை. கணக்கு பார்க்கும் அக்காவின் கணினியில்தான் பிரச்சினை. விண்டோஸ் 7, அதில் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டிருந்தார்கள். வேண்டாததை அழிப்பார்கள், பட்டை நீலமாகும், வாரம் திரும்புவதற்குள் மறுபடி சிவப்பு.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பையனைக் கொஞ்சம் பாருங்க தம்பி, மத்தியானம் அந்த மேசையிலதான் உக்காந்திருக்கான்" என்றார். பையனோ நான் கேட்காமலே வந்து சொன்னான்: "அண்ணே, நான் படம் பாக்குறது போன்லதான். இந்தக் கம்ப்யூட்டர்ல யாருண்ணே பாக்குறது, மவுஸ் நகரவே டைம் எடுக்குது." அக்காவுக்கு ஸ்கேனர் மேல் சந்தேகம். ஸ்கேன் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். அத்தனை வருஷத்துப் படிவமும் சேர்த்து 6 ஜிபிதான் இருந்தது.

இடையில் ஒரு விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. பெட்டியில் 120 என்று போட்டிருக்கிறது, விண்டோஸ் 111 என்று காட்டுகிறது. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம், யாரும் எதையும் எடுக்கவில்லை என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "அப்போ வாங்கும்போதே 9 ஜிபி காணோமா? கடைக்காரன்கிட்ட கேக்கலியா?" என்றார். கணக்கு பார்க்கிறவரிடம் 9 போனால் போகட்டும் என்று சொல்லிப் புரியவைப்பது சிரமம்.

அவருடைய அந்தக் குணத்தால்தான் விஷயம் பிடிபட்டது என்றும் சொல்லலாம். சி டிரைவைத் திறந்து, உள்ளே இருந்த எல்லா ஃபோல்டரையும் செலக்ட் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போட்டேன். கூட்டினால் 60 ஜிபியைச் சுற்றி வந்தது. டிரைவோ 107 ஜிபி நிரம்பியிருப்பதாகச் சொன்னது. அக்கா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டும் டேலி ஆகலியே தம்பி" என்றார். அதுதான் சரியான கேள்வி. எக்ஸ்ப்ளோரர் மறைத்து வைத்திருக்கும் ஃபைல்களையும், நுழைய அனுமதியில்லாத ஃபோல்டர்களையும் கணக்கில் சேர்ப்பதில்லை. காணாமல் போன இடம் பெரும்பாலும் அந்த வித்தியாசத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கும். பலர் தங்கள் படங்களையும் டாக்குமென்ட்களையும் அழித்து மாய்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுவது அவை மட்டும்தானே.

ட்ரீசைஸ், வின்டிர்ஸ்டாட் மாதிரி இலவச மென்பொருள்கள் ஃபோல்டர் வாரியாக அளந்து காட்டும். ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்ட வேண்டும், இல்லையென்றால் அவையும் பூட்டிய கதவுகளைத் தாண்டிப் போகாது. அப்படி ஓட்டியதும் விண்டோஸ் ஃபோல்டர் பட்டியலில் மேலே வந்து நின்றது. அதற்குள் தற்காலிக ஃபைல்களைப் போடும் டெம்ப் ஃபோல்டர் மட்டும் 34 ஜிபி. முன்னால் சுத்தம் செய்தவர்கள் அழித்தது யூசருக்கு உரிய டெம்ப். இது விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் டெம்ப், வேறு இடம்.

திறந்தால் உள்ளே வரிசை வரிசையாக ஒரே சாயலில் ஃபைல்கள். பெயர் 'கேப்' என்று தொடங்கி, ஒரு அடிக்கோடு, பிறகு எண்கள். பின்னொட்டு கிடையாது, ஐகான் வெறும் வெள்ளைத் தாள், ஒவ்வொன்றும் 100 எம்பிக்குப் பக்கத்தில். தேதி வாரியாக அடுக்கினேன். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும்கூட வந்திருந்தன. கணினியை அணைக்காமல் விட்டுப் போகும் வழக்கம் அங்கே. அந்த நேரத்தில் பையன் பட்டர்வொர்த்தில் தன் வீட்டில் இருந்திருப்பான். முதலாளியைக் கூப்பிட்டு அந்தத் தேதி வரிசையை மட்டும் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பையனைக் கூப்பிட்டு எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கிவரச் சொன்னார். நம் ஊரில் மன்னிப்பு அப்படித்தான் வரும்.

காரணம் இதுதான். விண்டோஸ் அப்டேட் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் சிபிஎஸ் என்ற லாக் ஃபைலில் எழுதி வைக்கிறது. அது பெருத்தால் பழையதைத் தனியாக ஒதுக்கி, மேக்கேப் என்ற சின்ன நிரலைக் கொண்டு சுருக்கி வைக்கும். அந்தச் சுருக்கும் முறைக்கு 2 ஜிபிதான் எல்லை. இந்தக் கணினியில் ஒரு அப்டேட் பாதியில் தோற்று, தோற்றதை எல்லாம் லாக்கில் எழுதி, ஒதுக்கிய ஃபைல் 2 ஜிபியைத் தாண்டிவிட்டது. சுருக்கப் போகும், முடியாது, நின்றுவிடும், பாதியில் விட்ட தற்காலிக ஃபைல் டெம்ப்பில் அப்படியே கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து விண்டோஸ் மறுபடி முயலும், இன்னொரு 100 எம்பி. முதல் முயற்சி தோற்றது அதற்கு நினைவிருக்காது. டெம்ப்பைத் துடைத்துவிட்டு அந்த லாக்கை விட்டுவைத்தால் இந்தச் சுற்று நிற்கவே நிற்காது.

சரிசெய்வதற்கு அதிக நேரம் ஆகவில்லை. சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலரை நிறுத்தி, லாக்ஸுக்குள் சிபிஎஸ் ஃபோல்டரில் இருந்த அந்தப் பெருத்த ஃபைலை அழித்து, டெம்ப்பில் இருந்த கேப் ஃபைல்களையும் அழித்து, சர்வீஸை மறுபடி ஓடவிட்டேன். அப்புறம் தோற்றுக்கொண்டிருந்த அப்டேட்டைக் கவனித்தேன்.

முதலாளிக்கு இன்னும் பாதி சந்தேகம். "எதுக்கு வம்பு, கொம்தார்ல போய்ப் பெரிய டிஸ்க் ஒண்ணு வாங்கிடலாமா?" என்று கேட்டார். வாங்கலாம்தான். எலி இருக்கும் வீட்டில் அரிசி மூட்டையைப் பெரிசாக வாங்கி வைப்பது போல, தீர இன்னும் சில மாதம் ஆகும், அவ்வளவுதான் என்றேன்.

அதற்கப்புறம் இந்தப் புகார் எங்கே வந்தாலும், எது பெரிசு என்று முதலில் தேடுவதில்லை. எது வளர்கிறது என்று பார்க்கிறேன். காலையில் ஒருமுறை அளந்து பட்டியலைச் சேமித்து வைப்பேன், சாயங்காலம் இன்னொரு முறை. 20 ஜிபி ஃபோல்டர் அப்படியே இருந்தால் அதன் பக்கம் போக மாட்டேன். காலையில் 2 ஜிபியாக இருந்தது மாலையில் 3 ஆகியிருந்தால் அதைத்தான் பிடிப்பேன். கூட்டம் போட்டு யார் என்ன செய்தார்கள் என்று விசாரிப்பதைவிட இது சீக்கிரம் முடியும், யாருக்கும் மனஸ்தாபமும் வராது.

வளராமல் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பவையும் உண்டு. கணினியை உறங்க வைக்கும்போது ராமில் இருப்பதைச் சேமிக்கும் ஹைபர்னேட் ஃபைல், விண்டோஸ் 7-இல் ராமின் அளவில் முக்கால் பங்கு இடத்தை டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும், 8 ஜிபி ராம் என்றால் 6 ஜிபி. மேசைக் கணினியில் ஹைபர்னேட் யாருக்கும் தேவைப்படாது, தைரியமாக அணைக்கலாம். கோளாறு வந்தால் முந்தைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வைக்கும் ரீஸ்டோர் பாயின்ட்களுக்கு எவ்வளவு இடம் என்று எல்லை வைத்துவிடலாம். விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரை மட்டும் கையால் தொடக்கூடாது. ஒரே ஃபைலை இரண்டு இடத்தில் காட்டுவதால் அது உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து உள்ளே புகுந்து அழித்தவர்களின் கணினி அப்புறம் எழுந்திருக்காது. இன்னோர் அலுவலகத்தில் முதலாளி ஊழியர்கள் மேல் கோபமாக இருந்தார். பார்த்தால் அவருடைய ஐபோனை ஐடியூன்ஸ் பேக்கப் எடுத்த ஃபைல்கள், ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் 40 ஜிபிக்கு மேல். அதை அவரிடம் தனியாகச் சொன்னேன்.

அக்காவுடைய விஷயத்தில் வேறொன்றும் இருந்தது. கணக்கு மென்பொருள் சாயங்காலம் ஒவ்வொரு முறை மூடும்போதும் முழு பேக்கப்பை அதே சி டிரைவில் போட்டுக்கொண்டிருந்தது. எதையும் அழிக்க விடமாட்டேன் என்றார். வருமான வரிச் சட்டப்படி வியாபாரக் கணக்குகளை 7 வருஷம் வைத்திருக்க வேண்டும், அதற்கு நடுவில் 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்து, 2018 செப்டம்பரில் விற்பனை சேவை வரி வந்து, பழைய ரெக்கார்டை யார் எப்போது கேட்பார்களோ என்ற பயம் அவருக்கு. நியாயமான பயம். ஆனால் 7 வருஷக் கணக்கு இருக்கும் டிஸ்க்கிலேயே அதன் பேக்கப்பும் இருந்தால், டிஸ்க் போகும் அன்றைக்கு இரண்டும் சேர்ந்து போகும். இடம் பற்றி நான் சொன்னபோது அசையாதவர், இதைச் சொன்னதும் அன்றே வெளி டிஸ்க் வாங்க ஒப்புக்கொண்டார். மாதக் கடைசி பேக்கப்பை இரண்டு டிஸ்க்கிலும், தினசரியில் கடைசி சிலதை மட்டும் சி டிரைவில் என்று பிரித்தோம்.

2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்றது. அதே கணினியை விண்டோஸ் 10-க்கு மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே அக்காவின் அழைப்பு: "தம்பி, 20 ஜிபி போச்சு." பழைய விண்டோஸை முழுசாக 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒதுக்கி வைத்திருக்கும், பிடிக்கவில்லையென்றால் திரும்பிப்போக, 10 நாள் கழித்து அதுவே அழித்துக்கொள்ளும், கை வைக்காதீர்கள் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். பதினோராம் நாள் இடம் திரும்பி வந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார், கூடவே ஒரு கேள்வியும்: முன்பு இருந்ததைவிட 2 ஜிபி கூடுதலாகக் காலி காட்டுகிறதே, அது எங்கிருந்து வந்தது?