சதுர அடிக்கு 300 ரூபாய் 'கிரீன்' கூடுதல்: சென்னையில் ஃப்ளாட் வாங்கும் முன் பிரித்துப் பார்த்த கணக்கு

சென்னையில் பெரிய அடுக்ககத் திட்டங்களின் விலைப்பட்டியலில் 'கிரீன்' என்ற பெயரில் ஒரு கூடுதல் தொகை எங்காவது இருக்கும். சில குடும்பங்கள் சேர்ந்து ஒரே திட்டத்தில் வாங்கத் தீர்மானித்தபோது அந்தத் தொகை எதற்கு என்று பிரித்துப் பார்த்தோம். புரோச்சரில் பெரிதாகப் படம் போட்டவற்றில் பாதி, சட்டப்படி பில்டர் எப்படியும் செய்யவேண்டியவை. மாதச் செலவை நிஜமாகவே குறைப்பது, யாரும் படம் எடுக்க விரும்பாத கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்.

முதலில் விலை. 1,200 சதுர அடி சேலபிள் ஏரியா (பொது இடங்களின் பங்கையும் சேர்த்து பில்டர் விலை போடும் பரப்பு), சதுர அடி 8,000 ரூபாய் என்றால் 96 லட்சம். கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் பயன்படுத்தும் பரப்பு, 850 என்று வந்தால், நடமாடும் இடத்துக்குச் சதுர அடி ஏறத்தாழ 11,300 ரூபாய். இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சேலபிள் ஏரியா பில்டருக்கு பில்டர் மாறும். அடுத்து யூடிஎஸ், அதாவது வீட்டோடு நம் பங்காக வரும் பிரிக்கப்படாத நிலம். மனையைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு (எஃப்எஸ்ஐ), உயரம் குறைந்த கட்டடங்களுக்கு 2. அதாவது 1,000 சதுர அடிக் கட்டடத்துக்கு ஏறக்குறைய 500 சதுர அடி நிலம். சாலை அகலத்தைப் பொறுத்து 50 சதவீதம் வரை பிரீமியம் எஃப்எஸ்ஐ (கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் கட்டட அளவு) வாங்கிக் கட்டியிருந்தால் அது 333 ஆகிவிடும். நிலம்தான் நாளைக்கு விலை ஏறும், கட்டடம் தேயும். 'குறைந்த நிலத்தில் அதிக வீடு, அதனால் பசுமை' என்று சொல்லும் பில்டர், அந்தச் சிக்கனத்தை விலையில் காட்டியிருக்கிறாரா என்று கேட்கலாம்.

சதுர அடிக்கு 300 ரூபாய் கூடுதல் என்றால் ஒரு வீட்டுக்கு 3.6 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2023 டிசம்பரிலிருந்து புது ஃப்ளாட் பதிவு, நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் நடக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத்தாள் 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். அந்த 3.6 லட்சத்துக்கு மட்டும் வரியும் பதிவுமாக இன்னொரு 43,200 ரூபாய். 100 வீட்டுத் திட்டத்தில் பில்டர் கைக்குப் போவது 3.6 கோடி. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வசதியையும் பார்த்தோம்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அதற்குத் தனி விலை கிடையாது. ஆனாலும் எவ்வளவு கிடைக்கும் என்று போட்டுப் பார்ப்பது நல்லது. சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். 10,000 சதுர அடி மொட்டைமாடியில் 80 சதவீதம் பிடித்தாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 10.4 லட்சம் லிட்டர். 100 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், தலைக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாள் தேவை 54,000 லிட்டர். ஆண்டு முழுக்கப் பெய்த மழை 19 நாளைக்கு வரும். அதுவும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ப்பதால், சம்ப் (தரைக்கடித் தொட்டி) சிறிதாக இருந்தால் பாதி வெளியே போகும்.

மீதியைத் தரைக்குள் இறக்கவேண்டும். இங்கேதான் மண் குறுக்கே வருகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல். மூன்றடி விட்ட உறை இறக்கிய 12 முதல் 15 அடிக் கிணறு போதும். அண்ணாநகர், கே.கே. நகர் பக்கம் களிமண். அதே கிணறு ஒரே மழையில் நிரம்பி அப்படியே நிற்கும். களிமண் அடுக்கைத் துளைத்து மணல் அடுக்கு வரை போர் போட்டால்தான் இறங்கும். மண் பரிசோதனை அறிக்கை பில்டரிடம் அடித்தளத்துக்காக எப்படியும் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். குழியை ஜல்லியால் நிரப்பியிருந்தால் சில மழைக்காலத்தில் சேறு அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்ய வழியில்லை. உறைக்கிணறு காலியாக இருக்கவேண்டும். வடிகட்டும் தொட்டி தனியாக முன்னால் இருக்கவேண்டும்.

இப்போது கழிவுநீர். தேசியக் கட்டட விதி சொல்லும் 135 லிட்டரில் 45 லிட்டர் கழிவறைக்கு. அதைச் சுத்திகரித்த நீரில் ஓட்டினால் நாளுக்கு 18,000 லிட்டர் நல்ல தண்ணீர் மிச்சம். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரை லோடு, 365 நாளும். மொட்டைமாடி மழையைப் போல் ஆறு மடங்கு. லாரி 1,500 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 67,500; வீட்டுக்கு 675. ஆபரேட்டர் சம்பளம், கரண்டு, கசடு அள்ளும் செலவு இதில் கழியும். ஆனால் 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது லாரி வர நாள்கணக்கில் ஆனது என்பதை நினைத்தால் இதற்குக் காசு கொடுக்கலாம்.

நிலையம் இருப்பது போதாது, கழிவறை ஃப்ளஷ் தொட்டிகளுக்குத் தனிக் குழாய் போயிருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் இரட்டைக் குழாய் இருக்கும், சுவருக்குள் ஒற்றைக் குழாய் இருக்கும். பூச்சு வேலைக்கு முன் சைட்டுக்குப் போனால் கண்ணாலேயே தெரியும். அதற்குப் பின் போனால் சொன்னதை நம்பவேண்டியதுதான். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடப் பரப்புக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதன் நிபந்தனைகளில் சுத்திகரிப்பு பற்றி எழுதியிருக்கும். அந்த நகலை வாங்கிவிட்டால் 'கூடுதல் வசதி' என்ற பேச்சு அடங்கிவிடும். குடியேறிய முதல் ஆண்டுதான் இந்த நிலையங்களுக்குக் கண்டம். 100 வீட்டில் 20 வீட்டுக்காரர்கள் மட்டும் இருக்கும்போது, கழிவைத் தின்று சுத்தம் செய்யும் நுண்ணுயிரிகளுக்குத் தீனி போதாது. கரண்டு மிச்சம் பிடிக்க இரவில் அவற்றுக்குக் காற்று தரும் காற்றூதியை நிறுத்துவார்கள். நாற்றம் வரும், கடைசியில் மூடிவிட்டு நல்ல தண்ணீரையே கழிவறைக்குத் திறந்துவிடுவார்கள். இரண்டு வரிசையாகப் பிரித்துக் கட்டிய நிலையம் என்றால் ஒன்றை மட்டும் ஓட்டலாம். இதை முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

சோலார் கணக்கு எளிது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நாளுக்கு 4 யூனிட். 20 கிலோவாட் என்றால் ஆண்டுக்கு 29,000 யூனிட். லிப்ட், மோட்டார் ஓடும் பொதுச் சேவை இணைப்புக்கு 2022 செப்டம்பரில் யூனிட் 8 ரூபாய் ஆனது, பிறகு ஏறியும் இருக்கிறது, குறைந்தது 2.3 லட்சம் மிச்சம். கிலோவாட் 60,000 என்றாலும் மொத்தம் 12 லட்சம், வீட்டுக்கு 12,000. குடியிருப்போர் சங்கமே பின்னால் போட்டால் பொது இணைப்புக்கு ஒன்றிய அரசின் சூர்யகர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு. மொட்டைமாடி உரிமை சங்கத்திடம் இருக்கவேண்டும்; பில்டர் தன் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறாரா என்று பத்திர வரைவில் பாருங்கள்.

பூங்காவில் ஒரு பொறி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுக்கவேண்டும். புரோச்சரில் பச்சையாகத் தெரிவது அந்த ஓஎஸ்ஆர் (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலமாக இருந்தால் அது ஊருக்குச் சொந்தம். அதற்கு நாம் விலை தரவேண்டியதில்லை. அனுமதி வரைபடத்தில் ஓஎஸ்ஆர் என்று தனியாகக் குறித்திருக்கும்.

ஐஜிபிசி எனும் இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் தரச்சான்றில் 'கோல்ட்', 'பிளாட்டினம்' என்று போட்டிருந்தால் அது முன்சான்றா, இறுதிச் சான்றா என்று கேளுங்கள். முன்சான்று வரைபடத்தை வைத்துத் தருவது. கட்டி முடித்த பின் வருவதே இறுதிச் சான்று. எந்த வசதிக்கு எத்தனை புள்ளி என்ற பட்டியலையும் கேளுங்கள்.

இவற்றையெல்லாம் பேச்சோடு விடக்கூடாது. ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 13-ம் பிரிவின்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. ஒப்பந்தம் போடுவதற்கு முந்தைய அந்த நேரம்தான் பேரம் பேசவேண்டிய நேரம். சுத்திகரிப்புக் கொள்ளளவு, இரட்டைக் குழாய், சோலார் கிலோவாட், சம்ப் லிட்டர் எல்லாவற்றையும் எண்ணாக ஒப்பந்த இணைப்பில் ஏற்றச் சொன்னோம். சிலவற்றுக்கு மறுத்தார்கள், மறுத்தவற்றுக்கான தொகையைக் கழிக்கச் சொன்னோம். புரோச்சரையும் விளம்பரத்தையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்: பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு 12-ம் பிரிவு இழப்பீடு கேட்க வழி தருகிறது. ஒப்படைத்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியும் கட்டுமானக் குறையை பில்டர் தன் செலவில் சரிசெய்யவேண்டும் என்கிறது 14-ம் பிரிவு. சாவி வாங்கும் நாளில் நிறைவுச் சான்றோடு குழாய் வரைபடத்தையும் சுத்திகரித்த நீரின் ஆய்வக அறிக்கையையும் சேர்த்து வாங்குங்கள். சங்கம் பொறுப்பேற்ற பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.