ஃபுல் டேங்க் போட்டா மட்டும் கோச்சுக்கிற கார்

எங்க காருக்கு ஒரு விசித்திரமான வியாதி இருந்துச்சு. டேங்க்ல கொஞ்சூண்டு பெட்ரோல் இருந்தா சாவிய திருப்பின உடனே ஸ்டார்ட் ஆயிடும், பாதி டேங்க்னா ஜம்முனு ஓடும், ஆனா பங்க்ல போய் ஃபுல் பண்ணிட்டு சாவிய திருப்பினோம்னா செல்ஃப் மட்டும் கர்ர் கர்ர்னு சுத்தும், இன்ஜின் பத்தவே பத்தாது. வயிறு ரொம்பின உடனே சாஞ்சு படுத்துக்கிற மாப்பிள்ளை மாதிரி.

இதுல பெரிய கொடுமை என்னன்னா இது நடக்குற இடம். பின்னாடி வரிசை நிக்குது, அத்தனை பேரும் ஹாரன் அடிக்கிறான். பக்கத்து சீட்ல என் மச்சான். அவன் காரப் பத்தி எல்லாம் தெரிஞ்சவன், அதாவது அவனே அப்படி சொல்லிப்பான். வழக்கம்போல நாசில் டக்குனு கட் ஆன பிறகும் "அண்ணே இன்னும் கொஞ்சம் அமுக்குங்க, டேங்க் மூடி வரைக்கும் இடம் இருக்கு"ன்னு பங்க்காரர்கிட்ட சொன்னது அவன்தான். இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பம்பு பக்கத்துலயே பானெட்ட தொறந்து நோண்டுறது ஆபத்து, அதனால வண்டிய நியூட்ரல்ல போட்டு ஓரமா தள்ளினோம். தள்ள ரெண்டு பேர் வந்தாங்க, கருத்து சொல்ல ஏழெட்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் பேட்டரி போச்சுன்னார். ஐயா, பேட்டரி போயிருந்தா செல்ஃபே இப்படி சுத்தாதே, டிக் டிக்னு சத்தம் மட்டும்தான வரும். இன்னொருத்தர் பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டான்னார், மூணாவது ஆள் டீசல் போட்டுட்டான்னு வதந்திய கிளப்பி விட்டார், பங்க்காரர் மொறைச்சார். ஆனா கொஞ்சம் யோசிச்சா, இப்ப ஊத்தினது டேங்க்லதான் கிடக்கு, இன்ஜினுக்குப் போற பைப்புல இருக்கிறது பழைய பெட்ரோல். டீசலே போட்டிருந்தாலும் பொதுவா வண்டி ஸ்டார்ட் ஆகி கொஞ்ச தூரம் ஓடிட்டு அப்புறம்தான் திக்கித் திணறி நிக்கும். நின்ன இடத்துலயே மக்கர் பண்றதுக்கு காரணம் வேற எங்கயோ இருக்கு.

மச்சான் வண்டிக்குள்ள டேங்க்ல இருந்து இன்ஜினுக்கு பெட்ரோல் தள்ளுற பம்பு மேல பழிய போட்டான். சாவிய ஆன் பண்ணி காத வச்சு கேட்டா பின் சீட்டுக்கு அடியில ஒரு ரெண்டு செகண்டு ஊய்ங்னு சத்தம் வந்துச்சு, அப்ப பம்பும் வேலை செய்யுது. இப்படி ஆராய்ச்சி பண்ணி முடிக்கிறதுக்குள்ள வண்டியே மனசு மாறி புக்கு புக்குனு இருமிக்கிட்டு ஸ்டார்ட் ஆயிடுச்சு.

சரின்னு மெக்கானிக்கிட்ட போனா, அவர் முன்னாடி ஒரே சாவியில ஸ்டார்ட். அவ்ளோ நல்ல பிள்ளை. அவர் ஸ்பார்க் பிளக்க மாத்தினார், ஃபில்டர மாத்தினார், "அடுத்த தடவை பிரச்சனை வந்தா பெட்ரோல் போட்ட உடனே நேரா இங்க ஓட்டிட்டு வந்துடுங்க"ன்னார். அண்ணே, பெட்ரோல் போட்டா ஓடாதுங்கிறதுதானே பிரச்சனைன்னு சொன்னேன். ஆமால்லன்னு தலைய சொறிஞ்சார்.

அங்க வேலை கத்துக்க வந்த ஒரு சின்னப் பையன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தவன், "ஃபுல் டேங்க் போட்டா மட்டுமாண்ணே? அப்ப பர்ஜ் வால்வ பாருங்க"ன்னான். மெக்கானிக் அவன மொறைச்சார். பையன் அசரல, இன்ஜின் பக்கத்துல இருந்த சின்ன வால்வ கழட்டி ஹோஸ் மாட்டுற வாயில ஊதினான். கரண்ட் குடுக்காதப்ப அது மூடியிருக்கணும், காத்து போகக்கூடாது. இது புல்லாங்குழல் கணக்கா அந்தப் பக்கம் வந்துச்சு.

விஷயம் என்னன்னா, டேங்க்ல பெட்ரோல் ஏற ஏற உள்ள இருக்கிற ஆவிக்கு இடம் இல்லாம வெளிய தள்ளப்படும். அத காத்துல விடாம கேனிஸ்டர்னு ஒரு கரி டப்பா பிடிச்சு வச்சுக்கும். அப்புறம் இன்ஜின் சூடாகி ஓடும்போது இந்த வால்வு கொஞ்சம் கொஞ்சமா தொறந்து அந்த ஆவிய இன்ஜினுக்கு அனுப்பும், எரிஞ்சிடும். எங்க வால்வு தொறந்த வாக்குலயே சிக்கிக்கிச்சு. ஃபுல் டேங்க் போட்ட கையோட செல்ஃப் அடிச்சா அத்தனை ஆவியும் மொத்தமா இன்ஜினுக்குள்ள போயிடுது, காத்து கம்மி, பெட்ரோல் அதிகம், எப்படி பத்தும்? அது போக நாசில் கட் ஆன பிறகும் அமுக்கி அமுக்கி ஊத்தினா பெட்ரோலே அந்தக் கரி டப்பாவுக்குள்ள போயி டப்பாவும் வீணாப் போகும்னு பையன் சொன்னப்ப நான் மச்சான திரும்பிப் பாத்தேன். அவன் ரொம்ப அக்கறையா கூரையப் பாத்துக்கிட்டு இருந்தான்.

வால்வு மாத்தினதோட வியாதி போச்சு. அதுவரைக்கும் அவசரத்துக்குன்னு பையன் ஒரு வித்தையும் சொல்லிக் குடுத்தான்: ஆக்ஸிலேட்டர அடி வரைக்கும் மிதிச்சுக்கிட்டே செல்ஃப் அடிக்கணும். நிறைய இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகள்ல அப்படி செஞ்சா கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிக்கிறத நிறுத்திடும், காத்து மட்டும் உள்ள போயி தேங்கினது வடிஞ்சிடும். பத்தின உடனே கால எடுத்துடணும், இல்லன்னா இன்ஜின் அலறும்.

இப்ப பிரச்சனை மச்சான்தான். எந்த வண்டி நின்னாலும் போய் "முழுசா மிதிங்க சார்"னு ஆரம்பிச்சுடறான். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரோட எலெக்ட்ரிக் கார் கிளம்பல, அவர்கிட்டயும் போயி மிதிக்க சொல்லியிருக்கான். டேய் அதுல பெட்ரோலே கிடையாதுடான்னு சொன்னேன்.

"அப்புறம் எப்படி மாமா ஸ்டார்ட் ஆகும்?"ங்கிறான்.